ஆறாவது வரிசைக் குச்சிகள்

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு ‘அளவுகோல்’ என்று பெயர். வைத்தது வேறு யாருமில்லை, அவளுடைய கணவரேதான். டீயில் சர்க்கரை போடும்போதுகூடக் கரண்டியின் விளிம்பை விரலால் வழித்துவிட்டுப் போடுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவளுக்கும் இதில் கோபம் கிடையாது, உள்ளூரப் பெருமைதான். அந்தப் பெருமைதான் குடியைக் கெடுத்தது என்று இப்போது யார் வேண்டுமானாலும் சொல்லலாம். நடந்து முடிந்த பிறகு எல்லோரும் ஞானிகள்.

நிலையம் என்பது பெரிய வார்த்தை. இரண்டு அறை, ஒரு தகரக் கூரை, ஓர் அடுப்பு, கூரைமேல் காற்றின் வேகம் பார்க்கிற ஒரு கருவி, அவ்வளவுதான். மரங்களெல்லாம் இனி நம்மால் ஆகாது என்று நின்றுவிட்ட உயரத்துக்கும் மேலே, ஓர் ஓடைக் கரையில் அது இருந்தது. அதற்கு நேர் பின்னால் புல்லும் பாறையுமாக ஒரு சரிவு ஏறிப் போகும். அந்தச் சரிவில்தான் அவளுடைய நூறு பெட்டிகள்.

நூறு பெட்டி, பத்து வரிசை. மேலிருந்து கீழாக ஒன்று முதல் பத்து வரை எண். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு மரக்குச்சி, குச்சியில் ஒரு சிவப்பு நாடா, குச்சிக்கும் குச்சிக்கும் சரியாகப் பத்து மீட்டர். அலுமினியப் பெட்டிக்குள் கொஞ்சம் பஞ்சு, ஓட்ஸும் வேர்க்கடலை விழுதும் சேர்த்துப் பிசைந்த ஓர் உருண்டை. குட்டை வால் மலை எலி வாசனை பிடித்து உள்ளே போகும், கதவு விழும், பஞ்சுக்குள் சுருண்டுகொள்ளும். விடிந்ததும் அதை ஒரு துணிப்பையில் இறக்கி எடை பார்த்து, காதில் மாட்டியிருக்கும் தகட்டின் எண்ணைப் படித்து, நோட்டில் எழுதி, பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். மாதத்தில் மூன்று நாள் இந்த வேலை. எந்த எலி எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம் போகிறது, குளிருக்குத் தப்புகிறதா சாகிறதா என்று இரண்டு வருஷமாக எழுதிவருகிறாள். குச்சி ஒரு சாண் தள்ளி நின்றாலும் எலி போன தூரம் பொய்யாகிவிடும் என்பது அவள் கட்சி.

நோட்டும் இரண்டு. சரிவுக்குக் கொண்டுபோவது சின்ன நோட்டு. சாயங்காலம் அதிலிருந்து பெரிய நோட்டில் ஏற்றுவாள். பெரிய நோட்டில் எழுதியதை அழிக்கவே கூடாது. தப்பென்றால் ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் திருத்தியவர் பெயர் எழுத வேண்டும். “பெட்டி போனா வேற பெட்டி வாங்கிக்கலாம். உசுரே போனாலும் பெரிய நோட்டு போகக் கூடாது” என்பாள். ஒருமுறை கொழுந்தன் அதைச் சாரலடிக்கிற ஜன்னலோரம் வைத்துவிட்டான். அன்றைக்கு வாங்கிக்கட்டிக்கொண்டதில், அடுப்பு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகக் காயவைத்தான். அதன்பிறகு அதை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றித்தான் அலமாரியில் வைப்பான்.

கொழுந்தன் என்றால் கணவரின் தம்பி. பதினைந்து வருஷம் கொத்தனாராக இருந்தவன். சிமெண்ட் தூசி நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதும், நல்ல காற்று வீசுகிற இடமாயிற்றே என்று அண்ணன்தான் இங்கே வேலை வாங்கிக் கொடுத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எள் என்றால் எண்ணெயாக நிற்பான். இருந்தும் அவளுக்கு அவன்மேல் ஓர் இளக்காரம் உண்டு, அதை மறைப்பானேன். அதிகம் படிக்காதவன், கண்ணாலேயே அளக்கிறவன், வாய்க்கு வாய் ‘சுமாரா’ என்று சொல்கிறவன். ‘சுமாரா’ என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பல் கூசும்.

அந்த வருஷம் பனி உருகியதும் குச்சிகளைப் புதிதாக நட்டது அவன்தான். மேல் பாதியைக் காலையில் நட்டான், கீழ்ப் பாதியைச் சாப்பிட்ட பிறகு நட்டான். இரண்டு வாரம் கழித்து, பெட்டி வைக்கும் முன் அவள் டேப்பை எடுத்துக்கொண்டு சரிபார்க்க இறங்கினாள். ஒன்றிலிருந்து ஐந்து வரை துல்லியம். ஆறிலிருந்து பத்து வரையும் தங்களுக்குள் துல்லியம். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் மட்டும் பத்து மீட்டர் முப்பது சென்டிமீட்டர்.

“தம்பி, கீழ்ப் பாதி வயிறு நெறஞ்ச பிறகு நட்டதுதானே?”

“ஆமா அண்ணி. ஆனா அளந்துதான் நட்டேன். பத்துதான் இருந்துச்சு.”

“அப்ப குச்சிக்குக் கால் மொளச்சிருச்சா?”

அவன் போய்க் கீழ்ப் பாதியின் ஐம்பது குச்சிகளையும் பிடுங்கி, ஒவ்வொன்றையும் முப்பது சென்டிமீட்டர் மேலே தள்ளி நட்டான். பழைய குழியில் யாரும் தெரியாமல் திரும்ப நட்டுவிடக் கூடாது என்பதால் ஒவ்வொரு குழியிலும் ஓடையிலிருந்து எடுத்த ஒரு வெள்ளைக் கல்லைப் போட்டு அடைக்க வேண்டும். அது அவள் போட்ட சட்டம். சாயங்காலம் பெரிய நோட்டில் அவள் எழுதினாள்: ‘குச்சி நட்டதில் பிழை. திருத்தப்பட்டது. பிழை செய்தவர்:’ என்று. நோட்டை அவன் பக்கம் தள்ளினாள். அவன் கையெழுத்துப் போட்டான்.

அடுத்த மாதம் அதே இடத்தில் பத்து மீட்டர் அறுபது.

“அண்ணி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது” என்றான் அவன். “குச்சி இல்ல, தரைதான் எறங்குதுன்னு தோணுது. செவுரு வெடிக்கறதுக்கு முன்னாடி இப்பிடித்தான் மட்டம் பாக்கற நூல் தள்ளிப்போகும். நான் பாத்திருக்கேன்.”

“போன தடவை நீங்க மாத்தி நட்டதை நான் வந்து அளந்து பாக்கல. உங்கள நம்பினேன், அது என் தப்பு” என்றாள்.

அன்றைக்குச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உங்க தம்பிக்கு மலையே கோணலாம்!” கணவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. கொழுந்தனும் கூடச் சிரித்தான். சிரித்துவிட்டு நோட்டை இழுத்து இரண்டாவது கையெழுத்தைப் போட்டான்.

மூன்றாவது மாதம் ஒரு மீட்டர் பத்து சென்டிமீட்டர் கூடுதல். இந்த முறை அவன் வாயே திறக்கவில்லை. பிடுங்கினான், நட்டான், கல் போட்டான், கையெழுத்துப் போட்டான். அவளும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஒரு கொத்தனார், அதுவும் நூல் பிடித்துப் பிழைத்தவன், ஐம்பது குச்சியிலும் ஒரே அளவு, ஒரே திசையில், மூன்று தடவை எப்படித் தப்பு செய்வான் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றவளுக்கு அது தோன்றவில்லை.

நான்காவது மாதம் மழை பிடித்துக்கொண்டது. முதல் நாளே கணவர் ஈரப் படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். நல்லவேளையாக, சாமான் கொண்டுவந்த ஜீப்பில் கீழே போய் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வர முடிந்தது. ஜீப் அவரை இறக்கிவிட்டுப் போன மறுநாள் பாதை அரித்துக்கொண்டு போய்விட்டது. மழை விடும்வரை யாரும் மேலேயும் வர முடியாது, கீழேயும் போக முடியாது. தொடைவரைக்கும் கட்டோடு அவர் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்து, மழையளவை எழுதிக்கொண்டும் வாக்கிடாக்கியில் இவர்களை வம்புக்கிழுத்துக்கொண்டும் இருந்தார்.

பெட்டி வைக்கும் நாளும் வந்தது. “அளக்கலையா அண்ணி?” என்று கேட்டான் கொழுந்தன்.

“மழையில டேப்பைப் புடிச்சு நாலாவது கையெழுத்தும் போடணுமா? மூணு நாள் முடியட்டும், நானே அளந்துக்கறேன்.” அவனுக்கு ஏதோ சலுகை காட்டியதாகத்தான் அவள் நினைப்பு.

முதல் காலை இருவரும் மேகத்துக்குள் ஏறிப் போனார்கள். வழக்கமாக நூறு பெட்டியில் இருபது மூடியிருந்தால் அதிகம். அன்றைக்குக் கீழ் ஐம்பதும் திறந்தபடியே கிடந்தன, ஓர் உருண்டைகூடக் கொறிபடவில்லை. மேல் ஐம்பதில் நாற்பத்தாறு மூடியிருந்தன. சிலவற்றில் இரண்டிரண்டு. ஒன்றையொன்று கண்டாலே கடித்துக் குதறுகிற ஜாதி, ஒரே பஞ்சில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. அவள் கையில் பட்டபோது எல்லாம் நடுங்கின.

கொழுந்தன் தகடுகளைப் படிக்கப் படிக்க அவள் எழுதினாள். நூற்று எண்பத்தெட்டு. இருநூற்று நான்கு. இருநூற்று முப்பத்தொன்று. எல்லாம் ஏழாவது, எட்டாவது வரிசையில் குடியிருப்பவை.

“சரியாப் படிங்க தம்பி. இதெல்லாம் இங்க வராது.”

“சரியாத்தான் படிக்கறேன். எல்லாம் கீழருந்து காலி பண்ணிட்டு வந்துருச்சு அண்ணி. எனக்குப் பயமாருக்கு.”

“வளைக்குள்ள மழைத்தண்ணி போயிருக்கும். அதுக்கு ஏன் மூஞ்சிய அப்பிடி வச்சுக்கறீங்க?” என்றவள், நோட்டில் ‘எண் படித்ததில் ஐயம்’ என்று எழுதிக்கொண்டாள். ஆனால் அவளுக்கும் உள்ளூரப் பயம் வந்திருந்தது. அது பிடிக்காததால் அவன்மேல் கோபம் இன்னும் கூடியது.

மறுநாள் விடிந்தும் மழை. பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தபோது கணவர் கட்டிலிலிருந்து, “ராத்திரி நல்ல தூக்கம். இந்த ஓடை வாயை மூடிருச்சு பாத்தியா?” என்றார். இத்தனை நாள் மழைக்குப் பிறகு ஓடை ஏன் வாயை மூட வேண்டும்? அவள் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. கொழுந்தன் வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தான். நூலாக ஒழுகிய தண்ணீர் செம்மண் குழம்பாக இருந்தது.

“அண்ணி, மேல எங்கயோ மண்ணு சரிஞ்சு ஓடைய அடச்சிருக்கு. இன்னைக்கு மேல போக வேணாமே. அண்ணனத் தூக்கிக்கிட்டு அந்தப் பாறை மேட்டுக்குப் போயிருவோம். சுமாரா நூறடிதான்.”

அந்தச் ‘சுமாரா’ போதாதா? “நீங்க இங்கயே இருங்க. அண்ணனுக்கு வெந்நி வச்சுக் குடுங்க. பயந்துக்கிட்டே எண்ணைப் படிச்சா எனக்குத் தப்புத்தப்பா வரும். நான் தனியாவே பாத்துக்கறேன்” என்று கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினாள்.

மூன்றாவது வரிசை, நான்காவது பெட்டி. கதவு மூடியிருந்தது. பையில் இறக்கிப் பார்த்தாள். இருநூற்றுப் பதினேழு. தகடு பார்க்கவே வேண்டாம், கிழிந்த வலது காதைப் பார்த்தாலே அவளுக்குத் தெரியும். பதினோரு முறை பிடித்திருக்கிறாள். பதினோரு முறையும் ஒன்பதாவது வரிசை, ஒரே பாறையடி. இருபது தப்படி தள்ளிப் போகாத கிழவி. பெட்டிக்குள் பஞ்சை விலக்கினாள். கண் திறக்காத இரண்டு குட்டிகள், கட்டைவிரல் நுனி அளவு.

குட்டியை வாயில் கவ்விக்கொண்டு, அறுபது மீட்டர், இந்த மழையில். ஒரு குட்டியைப் பெட்டி வாசலில் வைத்துவிட்டு இன்னொன்றுக்காகத் திரும்பப் போய், இரண்டையும் சேர்த்துக் கவ்விக்கொண்டு உள்ளே நுழைந்திருக்கிறது. வேர்க்கடலைக்காக யாரும் இப்படிச் செய்வதில்லை. இந்தத் தடவை எண்ணைப் படித்தது கொழுந்தன் இல்லை, அவளேதான்.

தாயையும் குட்டிகளையும் பஞ்சோடு ஒரு பாறை இடுக்கில் வைத்தாள். எடை பார்க்கவில்லை. இரண்டு வருஷத்தில் அவள் எடை பார்க்காமல் விட்ட முதல் எலி அதுதான்.

ஐந்தாவது வரிசைக்கு இறங்கி, டேப்பின் கொக்கியைக் குச்சியில் மாட்டினாள். ஆறாவது வரிசையை நோக்கி நடந்தாள். பாதி வழியில் கால் உள்வாங்கியது. குனிந்து புல்லை விலக்கினாள். சரிவின் குறுக்கே, கண்ணுக்கெட்டிய தூரம்வரை, தரை பிளந்திருந்தது. கை நுழையும் அகலம். பிளவின் குறுக்கே புல்வேர்கள் விறைத்து இழுபட்டு நின்றன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வேர் அறுந்தது.

தாண்டிப் போய்க் குச்சியில் டேப்பைப் பிடித்தாள். பன்னிரண்டு மீட்டர் நாற்பது. குச்சிக்குக் கீழே ஒரு மீட்டர் பத்தில் ஒரு வெள்ளைக் கல். அதற்குக் கீழே அறுபதில் இன்னொன்று. அதற்குக் கீழே முப்பதில் இன்னொன்று. பக்கத்துக் குச்சிக்கும் அப்படியே. அதற்கடுத்ததற்கும் அப்படியே. ஐம்பது குச்சி, நூற்றைம்பது கல். மலை மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை அவள் மாதா மாதம் பிடுங்கித் திருத்தி, ‘சரி’ என்று எழுதிவைத்திருக்கிறாள்.

பிளவைத் தாண்டி ஐந்தாவது வரிசைக்கு ஏறி வாக்கிடாக்கியை அழுத்தினாள்.

“என்னங்க, உடனே வெளிய வாங்க. சரிவு எறங்குது. பாறை மேட்டுக்குப் போங்க.”

மறுமுனையில் சிரிப்பு. “என்னது, அளவுகோலுக்கும் கூடம் கோணலாயிருச்சா? எலிக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடச் சொல்றியா? இவன்தான் காலைலருந்து பொலம்பறான்னு பாத்தா…”

“வெளையாடாதீங்க! தம்பிகிட்டக் குடுங்க. குடுங்கன்னா!”

“சொல்லுங்க அண்ணி.”

“ரெண்டு நாப்பது” என்றாள்.

முப்பது, அறுபது, நூற்றுப்பத்து என்று அவனுக்கு எல்லாம் மனப்பாடம். மூன்று தடவை கையெழுத்துப் போட்டவன் அல்லவா. நான் அப்பவே சொன்னேனே என்று அவன் சொல்ல வேண்டும் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

“சரிங்க அண்ணி” என்றான். “நீங்க கீழ எறங்காதீங்க.”

மேகம் கொஞ்சம் விலகியது. தகரக் கூரை தெரிந்தது. கதவு திறந்து கொழுந்தன் வந்தான், முதுகில் அண்ணன், ஒரு பக்கம் துருத்திக்கொண்டு வெள்ளையாக மாவுக்கட்டு. சிமெண்ட் மூட்டை சுமந்த முதுகு. ஆனாலும் நெஞ்சு சரியில்லாதவன், இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினான். அவள் தன்னையறியாமல் அவனுடைய அடிகளை எண்ணினாள். நூற்றுப் பன்னிரண்டு. பாறை மேட்டில் அண்ணனை இறக்கிவிட்டு அவன் இடுப்பில் கைவைத்து நின்றான். அவளுக்கு உயிர் வந்தது. அழுகையும் வந்தது. இனி அவன் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டும், முதல் காரியமாக அந்த மூன்று வரியையும் அடித்துவிட வேண்டும் என்று நினைத்தாள்.

கொழுந்தன் திரும்பி வீட்டைப் பார்த்து ஓடினான்.

“எங்க போறார்? ஏன் போறார்?” என்று கத்தினாள்.

“பெரிய நோட்டு உள்ள இருக்காம்” என்றது கணவரின் குரல். “உசுரே போனாலும் அது போகக் கூடாதுன்னு அண்ணி சொல்லிருக்காங்கன்னு… டேய்! டேய், திரும்பி வாடா!”

“வேணாம்னு சொல்லுங்க! நோட்டு வேணாம், எனக்கு வேணாம்!”

வாக்கிடாக்கி அண்ணன் கையில் இருந்தது. அவர் கூப்பிட்ட கூப்பாடு அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும், வாசலில் நின்று, இதோ வந்துவிட்டேன் என்பதுபோலக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போனான்.

முதலில் சத்தமே இல்லை. ஆறாவது வரிசைக் குச்சிகள் நகர்ந்தன. ஏழாவதும், எட்டாவதும், பத்துவரைக்கும். ஐம்பது சிவப்பு நாடாக்களும் வரிசை கலையாமல், பத்து மீட்டர் இடைவெளி தப்பாமல், கால் முளைத்ததுபோல் கீழே நடந்து போயின. அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது.

மூன்றாம் நாள் பாதையைச் சரிசெய்துகொண்டு ஆட்கள் வந்தார்கள். நான்காம் நாள் அவனை எடுத்தார்கள். சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தான், இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றியபடி.

கீழே ஊர் ஆஸ்பத்திரியில் கணவரின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் பையைப் பிரித்தாள். ஒரு பக்கம்கூட நனையவில்லை. அந்த மூன்று பக்கங்களையும் தேடி எடுத்தாள். ‘பிழை செய்தவர்:’ அதன்கீழ் அவன் கையெழுத்து. சிமெண்ட் பூசும் கரணை பிடித்த கைக்குப் பேனா சிறுத்துப்போனதுபோல, கோணல்மாணலாக, மூன்று முறை.

பையிலிருந்து பேனாவை எடுத்தாள். எழுதியதை அழிக்கக் கூடாது, ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் தன் பெயரை எழுத வேண்டும். அதுதான் சட்டம். முதல் கையெழுத்தின்மேல் பேனாவை வைத்தாள்.

இத்தனை நாளும் சுவரைப் பார்த்தே கிடந்த கணவர், கையை நீட்டி அந்தப் பக்கத்தை மூடிக்கொண்டார்.

“அடிக்காதே” என்றார். “அவன் கையால எழுதினது இது மட்டுந்தான் மிச்சம்.”